மூன்றாம் சரணம்

அறுபத்தாறில் பதினொரு வாரம்
முதல் இடத்தை விட்டு இறங்காத அந்தப் பாட்டை
நாங்கள் முழுசாகக் கேட்டதில்லை.

சனிக்கிழமை ராத்திரி ஒன்பதரை.
முருகன்குறிச்சி பாக்கியம் சைக்கிள் கடையில்
ஒரு பலகையை மட்டும் மூடாமல் விட்டு
மர்பியைத் திருகினால்
இலங்கையிலிருந்து பத்து, ஒன்பது, எட்டு என்று
படியேறி வரும் வரிசை.
ஒன்றுக்கு வந்ததும் யாரும் தும்மக் கூடாது.
முதல் சரணம் கண்ணாடி மாதிரி வரும்.
இரண்டாவதில் கொஞ்சம் உப்புக் காற்று.
அதற்கு மேல்
மன்னார்க் கடல் மொத்தமாகக் குறுக்கே விழுந்துவிடும்.
கிளாட்சன் ஏரியல் கம்பியைப் பல்லில் கடித்துப் பார்த்தான்.
ஒரு பிரயோஜனமும் இல்லை.

பாடியவன் பெயர் லெனி ஏதோ.
எங்கள் காதில் லெனின்.
‘லெனின் பாட்டுப் படிக்கானுவ’ என்று எவனோ போய்ச் சொல்லி
ஏட்டு ஒருவர் வந்து
ஒரு மணி நேரம் டியூப் மேல் உட்கார்ந்து கேட்டார்.
போகும்போது, ‘தாளம் நல்லாருக்குடே’ என்றார்.

முகம் தெரியாது.
குரலில் வெற்றிலை இல்லை, அதனால் பல் வெள்ளை
என்றான் ஆவுடையப்பன்.
அந்தப் பல்லை வைத்துக்கொண்டு
மிச்ச முகத்தை நாங்களே கட்டினோம்.

தூத்துக்குடியில் கப்பல்காரன் விற்ற கிட்டார், ஐந்து கம்பி.
சேகு மதாருக்கு மாஞ்சோலைத் தேயிலைப் பெட்டி.
கவிழ்த்து, கம்பு நட்டு, ஒரே ஒரு கயிறு:
தொந்தி பெருத்தவர் தூக்கத்தில் இருமுகிற சத்தம்.
எனக்கு, பள்ளிக்கூட பேண்டிலிருந்து
கேட்காமல் எடுத்த டிரம்.
பல்லவி காதில் விழுந்தபடி:
வாரியல் எங்கே, ஓ, வாரியல் எங்கே.
அப்படியே பாடினோம், மூக்கால்.

கிறிஸ்துமஸுக்கு முந்தின வாரம்
ஜங்ஷன் ரயில்வே இன்ஸ்டிடியூட் மேடை.
முன் வரிசையில் டிரைவர் வீட்டுப் பிள்ளைகள்,
நிஜ இங்கிலீஷில் கனவு காண்கிறவர்கள்.
இரண்டு சரணத்தோடு நிறுத்துவதாகத்தான் பேச்சு.
ஆனால் ஆடுகிறவர்கள் நிற்கவில்லை.
கிளாட்சன் என்னைப் பார்த்தான்.
நான் டிரம்மைப் பார்த்தேன்.
வாயைத் திறந்துவிட்டான்:

சிந்துபூந்துறை...
கொக்கிரகுளம்...
முருகன்குறிச்சி, ஓ, வண்ணார்பேட்டை!

நாக்கை மடக்கி, ‘ற’கரமெல்லாம் எண்ணெயில் வழுக்கி,
நாலு பஸ் ஸ்டாப்பும் லண்டனில் போய் நின்றன.
கைதட்டல். விசில்.
டோரீன் மட்டும் ஆட்டத்தை நிறுத்தி
ஒரு நிமிஷம் உற்றுப் பார்த்தாள்.
அடுத்த சுற்றில் அவளும் சேர்ந்து பாடினாள்,
வண்ணார்பேட்டையை எங்களைவிட நன்றாக.
மறு வருஷம் குடும்பத்தோடு பெர்த் போய்விட்டாள்.

இறங்கி வந்ததும் சேகு மதார் சண்டை:
‘வண்ணார்பேட்டை தாண்டில்லாடே முருகன்குறிச்சி?
பஸ்ஸ ரிவர்ஸுலயா ஓட்டுத?’
‘ராகத்துக்கு வேணும்ல’ என்றான் கிளாட்சன்.

பன்னிரண்டாம் வாரம் பாட்டு ஏழாம் இடத்துக்கு விழுந்தது.
கிளாட்சன் மூன்று நாள் சவரம் செய்யவில்லை.

போன மாசம் போனில் தேடிக் கிடைத்தது.
லெனி. ஸ்வெட்டர், தடித்த கண்ணாடி,
வாய் நிறையக் கோணல் பல்.
ஐம்பத்தெட்டு வருஷத்துக்குப் பிறகு
கடல் விலகி நின்று வழி விட்டது.
மூன்றாம் சரணம் என்று ஒன்று இல்லை.
முதல் சரணமே மறுபடி வருகிறது, ஒரு சொல் மாறாமல்,
அப்புறம் சத்தத்தைக் குறைத்து முடித்துவிடுகிறார்கள்.

கிளாட்சனிடம் சொல்ல முடியாது.
லெந்து காலத்தில் போய்விட்டான்.
சேகு மதாருக்கு அடித்தேன்.
ரொம்ப நேரம் பேசாமல் இருந்துவிட்டு,
‘கடைசியில என்னதாம்டே தேடியிருக்கான், வாரியலத்தானா?’ என்றான்.

நேற்று பஸ்ஸில்
கொக்கிரகுளம் என்று கண்டக்டர் கத்தினார்.
முழங்காலில் விரல் தட்டத் தொடங்கியது.
டிக்கெட் வண்ணார்பேட்டைக்கு.
அது வந்தது, எழுந்திருக்கவில்லை.
முருகன்குறிச்சியில் இறங்கி
வண்ணார்பேட்டைக்குத் திரும்பி நடந்தேன்.